இறால் மட்டும் சாகவில்லை

லெனி உட்கார மறுத்துவிட்டாள். ஜுலெய்டியின் வாசலிலேயே, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"இத்தனை வருஷமா அந்த வீட்டுல சமைச்சேன். ஒரு ஸ்பூன் காணாமப் போனதில்ல. இப்ப நான் மீனுக்கு விஷம் வச்சேனாம். வெளிய போன்னு சொன்னதோட விட்டாரா அந்த டாக்டரு? இவளை யாரும் வீட்டுல சேர்க்காதீங்கன்னு அந்தக் கட்டடத்துக்கே வாட்ஸ்அப்புல போட்டுட்டாரு."

ஜெனிவால்டோ காபிக் கோப்பையைப் பட்டென்று மேஜையில் வைத்தான். ரெசிஃபி நகரின் கடற்கரைச் சாலையில் டாக்ஸி ஓட்டுபவன். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஜுலெய்டியிடம் யார் குறை சொல்லி வந்தாலும் முதலில் கோபப்படுவது அவன்தான்.

"கிளம்புங்க அக்கா, காரை எடுக்கறேன். அந்தப் பல் டாக்டரை நேராவே கேட்டுருவோம்."

"உட்காரு, ஜெனி. நீயும் உட்காரு, லெனி. என்ன விஷம்னு சொன்னாரு?" என்றாள் ஜுலெய்டி.

"தரை துடைக்கிற பிளீச்சு. வேணும்னே தொட்டியில ஊத்தினேனாம். எனக்கும் அந்த மீனுங்களுக்கும் என்ன பகை? தினம் தீனி போட்டதே நான்தான்."

டாக்டர் அரோல்டோவின் மனைவி மார்லூசிதான் ஜுலெய்டிக்கும் ஜெனிவால்டோவுக்கும் கதவைத் திறந்தாள். டாக்டர் கிளினிக்கில் இருந்தார். மீன்கள் அவளுடைய செல்லங்கள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கூடத்தில் பெரிய கடல்நீர்த் தொட்டி. உள்ளே பாறைகள் மட்டும். முதுகில் வெள்ளைக் கோடு போட்ட ஓர் இறால் மீசையை ஆட்டியபடி பாறைமேல் நடந்தது. கண்ணாடியில் நத்தைகள் நிதானமாக மேய்ந்தன.

ஜுலெய்டி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"என்னென்ன மீன் வச்சிருந்தீங்க?"

"கோமாளி மீன் ஒரு ஜோடி. மணலைத் தோண்டிக்கிட்டே இருக்கிற சின்னது ஒன்னு. வெள்ளையும் சிவப்புமா ஒரு பயந்தாங்கொள்ளி. எது எதோட ஒத்துப்போகும்னு பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். கடைசியா இவரு ஒன்னு வாங்கிட்டு வந்தாரு. மேல நீலம், கீழ மஞ்சள். கட்டைவிரல் அளவுதான், ஆனா கண்ணைப் பறிக்கும். வேண்டாம்னுதான் சொன்னேன். கடைக்காரன் ரொம்பச் சாதுன்னு சொன்னானாம்."

"எல்லாம் ஒரே நாள்லயா செத்துச்சு?"

"இல்ல, ஒன்னு மாத்தி ஒன்னு. கோமாளிங்க வாலு நார்நாராக் கிழிஞ்சு மிதந்துச்சு. பயந்தாங்கொள்ளி தொட்டிக்குப் பின்னால தரையில காஞ்சு கிடந்துச்சு. மணல் மீனும் அப்படியே வாலு கிழிஞ்சு செத்துச்சு."

"அந்த நீல மீன்?"

"அதை நான் பார்க்கல. செத்துப்போச்சு, குப்பையில போட்டுட்டேன்னு இவரு சொன்னாரு."

ஜெனிவால்டோ குனிந்து கிசுகிசுத்தான். "ஏதோ பூனைதான் அக்கா. சந்தேகமே இல்ல."

"கையில கிடைச்ச மீனைத் தின்னாம விட்டுட்டுப் போற பூனையை நீ பார்த்திருக்கியா?" என்றாள் ஜுலெய்டி. படியிறங்கும்போது கேட்டாள். "உனக்குப் பல்வலி இருக்கா?"

"இல்லையே."

"இருக்கு. நாளைக்குக் காலையில அவரு கிளினிக்குக்குப் போ. ரொம்ப வலிக்குதுன்னு சொல்லிடாத, பிடுங்கிடப் போறாரு. நோயாளிங்க காத்திருக்கிற இடத்துல புதுசா என்ன இருக்குன்னு பாரு. அங்க யார்கிட்டயாவது பேச்சுக் கொடு."

மறுநாள் கிளினிக்கிலிருந்து திரும்பிய ஜெனிவால்டோவின் முகம் கோபத்தில் சிவந்திருந்தது. அன்று மாலையே லெனியையும் கூட்டிக்கொண்டு மறுபடி மார்லூசியின் கூடத்தில் இருந்தார்கள். டாக்டர் அரோல்டோ உள்ளே வந்ததும் லெனியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இவளை யாரு உள்ள விட்டது?"

"நான்தான்," என்றாள் மார்லூசி.

ஜுலெய்டி குரலை உயர்த்தவில்லை. "டாக்டர், மீனையெல்லாம் கொன்ன பிளீச்சு இந்த இறாலை எப்படி விட்டு வச்சது? நத்தைங்களை எப்படி விட்டுச்சு?"

"அதிர்ஷ்டம். எனக்கென்ன தெரியும்?"

"விஷம் தண்ணியில கலந்தா எல்லாத்தையும் சேர்த்துக் கொல்லும். ஒவ்வொன்னாத் தேடிப் பிடிச்சுக் கொல்லாது, வாலையும் கிழிக்காது. பயந்தாங்கொள்ளி தானாத் தரையில விழல. ஏதோ துரத்தவும் எகிறிக் குதிச்சிருக்கு. இத்தனை நாள் சேர்ந்து வாழ்ந்த மீனுங்க திடீர்னு ஒன்னையொன்னு கடிக்குமா? புதுசா வந்தது ஒன்னுதான். அந்த மீனுக்கு நம்ம ஊருல என்ன பேரு தெரியுமா? கன்னிப்பொண்ணு. பேருதான் அப்படி. ஒரு பாறை மூலையைப் பிடிச்சுக்கிட்டா வேற மீனைக் கிட்ட அண்ட விடாது. கடல்ல முங்கி நீந்தறவன் விரலையே கொத்தும்."

"அதுவும்தான் செத்துப்போச்சே."

"செத்ததை உங்களைத் தவிர யாரும் பார்க்கல. ஜெனி, காட்டு."

ஜெனிவால்டோ செல்போனை மார்லூசியிடம் நீட்டினான். கிளினிக்கின் வரவேற்பு மேஜை. அதன்மேல் புத்தம் புதிய குட்டித் தொட்டி. உள்ளே நீலமும் மஞ்சளுமாக ஒரே ஒரு மீன்.

"அது வேற மீன்," என்றார் டாக்டர்.

"அப்படியா?" ஜெனிவால்டோவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "உங்க வரவேற்பு மேஜைப் பொண்ணு வேற மாதிரி சொல்லுச்சே. 'டாக்டரு வீட்டுல இருந்து கொண்டு வந்தாரு, இந்தக் குட்டி ரவுடி எல்லாத்தையும் கொன்னுடுச்சாம்'னு. நீங்களே விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டே சொன்னீங்களாம்."

"அந்தப் பொண்ணு சொன்ன கணக்குப்படி, அது அங்க வந்தது லெனியை நீங்க விரட்டறதுக்கு முந்தின நாள்," என்றாள் ஜுலெய்டி. "கொன்னது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் இவங்க மேல பழி போட்டிருக்கீங்க."

டாக்டர் சோபாவில் உட்கார்ந்தார். "மார்லூசி வேண்டாம்னு சொல்லியும் வாங்கிட்டு வந்தேன். அவ முகத்துல எப்படி முழிக்கறதுன்னு... ஏதோ வாயில வந்ததைச் சொல்லிட்டேன். ஒரு மீன் விஷயத்துக்கு இத்தனை பேரா?"

"வாயில வந்தது என் பேரா?" என்றாள் லெனி.

லெனி அவர் முன்னால் போய் நின்றாள். "போனை எடுங்க. அதே வாட்ஸ்அப்புல எழுத வேண்டாம், பேசுங்க. அன்னைக்குப் படிச்ச எல்லாரும் உங்க குரல்ல கேக்கணும்."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் போனை உதட்டருகே கொண்டுபோய் முணுமுணுத்தார். "லெனி விஷயத்துல ஒரு சின்னத் தவறான புரிதல்..."

"தவறாப் புரியல. பொய் சொன்னீங்க. அப்படியே சொல்லுங்க," என்றாள் லெனி.

இரண்டாம் முறை, தான் பொய் சொன்னதாகவே சொன்னார்.

மார்லூசி எழுந்து வந்து லெனியின் கையைப் பிடித்தாள். "நாளைக்கே வந்துடு லெனி. சம்பளத்தைக் கூட்டித் தர்றேன்."

லெனி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "அவரு சொன்னது பொய். நீங்க அதை நம்புனீங்களே அம்மா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

லெனி சமையலறைக்குள் போனாள். சோளமாவு அவிக்கும் பாத்திரம் அவள் சொந்தக் காசில் வாங்கியது. அதை அலமாரியிலிருந்து எடுத்து, கழுவி, துடைத்து, கைப்பையில் திணித்துக்கொண்டு வந்தாள்.

"அடுப்புல எதுவும் வைக்கல," என்றாள் வாசலில் நின்று. "ராத்திரிக்கு என்னன்னு நீங்களே பார்த்துக்கங்க."