ஆரோக்கியமான ரத்தம்

கீழே படுத்துக் கிடக்க வேண்டிய கோடு மறுபடியும் தலையைத் தூக்கியது.

கேசினி நாற்காலியைப் பின்னால் உதைத்துத் தள்ளினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாய்லாந்தின் கோன்கேன் நகரமே மழைக்கு முடங்கிக் கிடக்க, அவள் மட்டும் ப்ளீச் நெடியும் ஈரச் செருப்பு வாடையும் கலந்த ஆராய்ச்சிக்கூடத்தில், குளிர்பெட்டியின் ஓயாத முனகலைக் கேட்டபடி, ஒரு பாழாய்ப்போன கோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கத்தில் ஆற்று மீனைப் பச்சையாகவே கொத்தி, எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவார்கள். மீனோடு உள்ளே போகும் புழு பித்தக்குழாயில் குடியேறி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக முற்றும். தெரிய வரும்போது வைத்தியம் பலிக்காது. ரத்தத்தில் கசியும் மைக்ரோ ஆர்என்ஏ என்ற ஒரு நுண்மூலக்கூறை வைத்து நோயை முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்பதுதான் கேசினியின் ஆராய்ச்சி. நோயாளியின் கோடு திரையில் சீக்கிரம் எழ வேண்டும், நோயில்லாதவரின் கோடு எழக் கூடாது. ஆனால் இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறின. எத்தனை தடவை செய்தாலும் அதே கதை. அவளுக்கு அழுகையாக வந்தது.

"ரத்தம் உறிஞ்சுற பிப்பெட் டிப்பை மாத்துனியா இல்லையா?" என்று உதவியாளன் உடோம்மீது பாய்ந்தாள்.

"மாத்தாம இருப்பேனாக்கா? நீங்கதான் பக்கத்துலயே நின்னு முறைச்சிட்டிருந்தீங்களே."

"மருந்து கெட்டுப்போச்சா?"

"புதுசு. நேத்துதான் பிரிச்சோம்." அவன் திரையைக் காட்டினான். "தண்ணி மட்டும் ஊத்துன குழியைப் பாருங்க. கோடு அசையவே இல்ல. வேற எதுவும் கலக்கல."

அவன் சொன்னது சரி. எரிச்சலுக்கு அடியில் வேறொன்று சில்லென்று ஊறத் தொடங்கியது. ஆரோக்கியமான ரத்தம் தேடி ஆராய்ச்சிக்கூடத்தில் யாரும் வெளியே போவதில்லை. சட்டைக் கையை மடித்தால் போதும். இந்த ஆராய்ச்சிக்கும் அப்படித்தான், நோயில்லாதவரின் ரத்தம் என்று வைத்தது அவளுடையதும் உடோமுடையதும் சேர்ந்த கலவை.

"உடோம், நீ பச்சை மீன் சாப்பிட்டிருக்கியா?"

"சின்ன வயசுல யாருதான் சாப்பிடல? நீங்க?"

கேசினியின் கை தானாகத் தன் வலது விலாவுக்குப் போனது. குளிர்பெட்டியின் முனகல் நின்றது. மழைச் சத்தம் மட்டும். பிறகு முனகல் மீண்டும் தொடங்கியது, முன்பைவிட அடித்தொண்டையில்.

"பச்சை மீனே தொடாத ஒரு ஆள் வேணும்" என்றாள். "அந்த ஆளோட கோடும் எழுந்துச்சுன்னா என் டெஸ்ட் குப்பை, நமக்கு ஒண்ணும் இல்ல. எழாம கிடந்துச்சுன்னா..."

"போதும்க்கா. சொல்லாதீங்க."

வராந்தாவில் படம் வரைந்துகொண்டிருந்தாள் மகள் பைதோங். ஏழு வயது. அவள் நாக்கில் பச்சை மீனின் ஒரு துணுக்குகூடப் பட்டதில்லை. அதற்காக மாமியாரோடு சண்டை போட்டு வீட்டையே மாற்றியவள் கேசினி. விரல் நுனியில் குத்தும்போது குழந்தை அழவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை எதுக்கும்மா எடுக்கிற?"

"சும்மாடா தங்கம்."

மெஷின் ஓடத் தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே வானம் இருண்டு வந்தது. வராந்தாவில் க்ரேயான் தரையில் உருளும் சத்தம், ஒரு சிறு இருமல், அப்புறம் யாரிடமோ பேசுவதுபோல் குழந்தையின் முணுமுணுப்பு. குழந்தைகள் தங்களுக்குத் தாங்களே பேசிக்கொள்வது சகஜம்தானே. கேசினி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழு, எழுந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள். இத்தனை வருஷ உழைப்பு சாக்கடைக்குப் போகட்டும். எழுந்தால் போதும்.

ஒரு கோடு எழுந்தது.

எல்லோருக்கும் முன்னால். மரணப் படுக்கையில் இருந்த நோயாளிகளின் ரத்தத்துக்கும் வெகு முன்னால். செங்குத்தாக.

"பைதோங்கோடதுதான்" என்றான் உடோம்.

கேசினிக்குச் சிரிப்பு பீறிட்டது. "குப்பைடா! என் டெஸ்ட் சுத்தக் குப்பை! ஏழு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு இருக்க முடியுமா? நாம பிழைச்சோம்!" உடோம் சிரிக்கவில்லை. அவள் அதைக் கவனிக்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடி, தரையில் மண்டியிட்டு, மகளை வாரி அணைத்தாள்.

குழந்தை விறைத்தாள்.

"மெதுவாம்மா."

"ஏன்டா? வலிக்குதா?"

"இல்ல." உதட்டில் விரல் வைத்தாள். "அது தூங்குது."

மழை நின்றிருந்தது. எந்தச் சத்தமும் இல்லை. கேசினி கையை எடுக்க நினைத்தாள். முடியவில்லை. அவள் உள்ளங்கைக்குக் கீழே, மகளின் வலது விலாவுக்கு அடியில், ஏதோ ஒன்று மெல்லப் புரண்டு படுத்தது.