பொதுச் சுவரின் விரிசல்

வெளியே கர்க்கடக மாசத்து ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில், சுவர் விரிசலிலிருந்து பத்மஜாவின் புறங்கையில் பட்ட காற்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. போதாக்குறைக்கு நாற்றம் வேறு. பல் தேய்க்காத வாயை மூக்குக்கு நேரே வைத்து யாரோ ஊதுகிற மாதிரி. சீ! முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வலியசாலை அக்ரகாரத்தில் வீடுகள் ஒட்டிக் கட்டியவை. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். அந்தப் பொதுச் சுவரில்தான் விரிசல். பக்கத்துக் கட்டிலில் ஐந்து வயது ஜானவி போர்வைக்குள் சுருண்டு, கர்ரு கர்ரு என்று இழுத்துக்கொண்டே தூங்கினாள். ஈரக் காற்றும் தூசியும் அண்டவே கூடாது, இன்னொரு தடவை மூச்சு முட்டினால் குழந்தை தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அதற்குத்தான் அவசர அவசரமாக ஏசி. சாலைக் கடைத்தெருவில் வாங்கிய சிலிக்கான் பசையும், அதை அழுத்தித் தள்ளுகிற கன்னும். ஜன்னல், கதவு இடுக்கெல்லாம் அடைத்தாயிற்று. பாக்கி இது ஒன்றுதான்.

ஆபீசிலிருந்த கணவன் கேசவைப் போனில் கூப்பிட்டாள்.

“ஏன்னா, அடுத்தாத்துல யாராவது இருக்காளா? சுவர் விரிசல்லேர்ந்து நாத்தம் குடலைப் பிடுங்கறது.”

“யாரு இருக்கா? மாமா ஆத்தைப் பூட்டிண்டு பெங்களூர் போய் ரெண்டு வருஷமாச்சு. எலி செத்திருக்கும். ஒரு ட்யூப் தாராளம், அடைச்சு விடு, கேட்டியா.”

கன்னின் மூக்கை விரிசலில் சொருகி அழுத்தினாள். வெள்ளைப் பசை கொழகொழவென்று உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது. அதன் காடி நெடியும் அந்த அழுகல் மூச்சும் கலந்து மூக்கில் ஏறியது. ஒரு ட்யூப் காலி. இரண்டாவதும் காலி. கண்ராவி, எங்கேதான் போகிறது? நாலாவதில்தான் பசை வெளியே எட்டிப்பார்த்தது.

விரலால் நீவினாள். நுனி உள்ளே அமிழ்ந்தது.

ஏதோ கவ்வியது.

பல் இல்லை. வெறும் ஈறு. சூடாக, வழவழப்பாக. சப்பியது.

விரலைப் பிடுங்கினாள். பழுப்பு எச்சில் நூலாக நீண்டது. கத்தினால் குழந்தை பயந்து எழும், மூச்சு முட்டும். துப்பட்டாவைக் கடித்துக்கொண்டாள்.

“சனியனே, என் கொழந்தை பக்கத்துல வராதே” என்று பல்லைக் கடித்தபடி மிச்சப் பசையையும் திணித்தாள். அழுத்தினாள். வழித்தாள். நீவினாள்.

நாற்றம் நின்றது. காற்று நின்றது. ஜானவியின் இழுப்பும் நின்றது. அப்பாடா என்றிருந்தது.

பிறகு கேட்டது.

கர்ரு. கர்ரு.

சுவருக்குள்ளிருந்து.

போர்வையை விலக்கினாள். ஜானவி முழித்துத்தான் இருந்தாள். பிதுங்கிய கண்கள் அம்மாவையே பார்த்தன. மூக்குத் துளைகளிலும் உதட்டிடுக்கிலும் வெள்ளைப் பசை, பிசிறில்லாமல் வழித்து நீவியிருந்தது. அதன்மேல், ஈரமாக, பத்மஜாவின் விரல் ரேகை.