மனிதர் இல்லாப் பகுதி

நண்பகல் பன்னிரண்டுக்குச் சங்கு ஊதியதும் நெய்தலூர் மூச்சை அடக்கிக்கொண்டது. அடுப்புகள் அணைந்தன. பேருந்துகள் நடுச்சாலையில் நின்றன. ஆலையின் புகைபோக்கிகள் மூடிக்கொண்டன. மிச்சப் புகையைக் கடற்காற்று விரட்டிவிடும். ஒன்றரைக்கு, ஊர்ப் புகையை அளக்கும் செயற்கைக்கோள் 'வான்விழி' தலைக்குமேல் கடக்கும். அதன் படத்தில் புகை விழுந்தால் ஆலைக்குப் பூட்டு. அது கடந்ததும் ஆலை அடக்கியதையெல்லாம் மொத்தமாகக் கக்கும். பதினோரு வருடப் பழக்கம்.

அந்தப் புகையில்தான் ஜெசிந்தாவின் கணவர் இருதயராஜுக்கு நுரையீரல் போனது. தலைநகர் அனுப்பும் தூயகாற்றுக் குடுவையில் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாதம் பங்கீட்டை இயந்திர மூளையிடம் ஒப்படைத்தார்கள். குடுவை வண்டி வரவில்லை. கையிலிருந்த குடுவை வெள்ளிக்கிழமை வரை தாங்கும்.

ஜெசிந்தா தலைநகருக்குக் கடிதம் எழுதினாள். இயந்திர மூளையின் பதில் உடனே திரையில் வந்தது.

"வான்விழிப் பதிவின்படி நெய்தலூரில் பதினோரு ஆண்டுகளாக அடுப்பு எரியவில்லை, வண்டி ஓடவில்லை. மனிதர் இல்லை. தங்கள் கடிதம், கைவிடப்பட்ட கருவியொன்று தானாக அனுப்பியதாகக் கருதப்படுகிறது."

படித்து முடித்தவள், அருகில் யாருமில்லாதபோதும், "நான் இருக்கேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

குடியிருப்புச் சங்கத் தலைவர் பொன்னுரங்கத்திடம் ஓடினாள்.

"ஒரே ஒரு நாள், ஒன்றரைக்கு எல்லாரும் அடுப்பு மூட்டுங்கண்ணே. உசுரோட இருக்கோம்னு அதுக்குத் தெரியட்டும்."

"இதுகூடச் செய்யமாட்டமா தங்கச்சி? வியாழக்கிழமை சங்கே ஊதாது. ஆலையையும் ஓட்டிடலாம்."

பக்கத்து வீட்டுப் பாக்கியம் சிரித்தாள். "நான் ஈர விறகா வைக்கிறேன்க்கா. மேல இருக்கறவனுக்குக் கண்ணு எரியணும்!"

வியாழன் ஒன்றரை. ஜெசிந்தா மாடியில் தென்னமட்டையும் பழைய டயரும் குவித்துக் கொளுத்தினாள். சுற்றிப் பார்த்தாள். வேறெங்கும் ஒரு இழை புகை இல்லை. மாடிக்கு மாடி ஆட்கள் நின்று, அடுத்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆலையும் ஓடவில்லை.

"பாக்கியம்! அடுப்பு?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. எங்க வீடுதான் முதல்ல படத்துல விழணுமா? அவங்க மூட்டட்டும்னு பாக்குறேன்."

வான்விழி கடந்தது. உடனே ஊர் முழுக்க அடுப்புகள் பற்றிக்கொண்டன.

சாயங்காலம் திரை ஒளிர்ந்தது. இருதயராஜ் முகமூடிக்குள்ளிருந்து, "பாத்துட்டாங்களா?" என்றார்.

பார்த்துவிட்டார்கள்.

"நெய்தலூர்: ஓரிடத்தில் சிறு புகை. காரணம், கோடைக் காட்டுத்தீ. மனிதர் இல்லாப் பகுதி, நடவடிக்கை தேவையில்லை."