குதிகால் இல்லாத தடம்

யாரோ உதைத்தார்கள். இதை இனி ஒருவரிடமும் சொல்லக் கூடாது.

அவள் அப்படித்தான் முடிவு செய்திருந்தாள். சொன்னபோதெல்லாம் சிரித்தார்கள். அறுவை சிகிச்சை செய்த டாக்டர் சிரித்தார், ஊசி போட வந்த நர்ஸ் சிரித்தாள். குதிகால் நரம்பு அறுந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் அதையேதான் சொல்வார்களாம்: பின்னாலிருந்து யாரோ ஓங்கி உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. "நரம்பு அறுந்தா அப்படித்தாம்மா இருக்கும். ஆளும் இல்ல பேயும் இல்ல," என்றார் டாக்டர். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா இன்னொரு தடவை அறுந்துடாம பாத்துக்குங்க. அப்புறம் சேத்துத் தைக்க அங்க ஒண்ணும் மிச்சம் இருக்காது," என்றார்.

மருந்துக் கிடங்கில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. சீட்டைப் பார்த்து அலமாரிகளிலிருந்து பெட்டிகளை எடுத்துத் தள்ளுவண்டியில் அடுக்குவது. அன்றைக்கு ஏழாவது வரிசையின் நடுவில் நின்று, மேல்தட்டிலிருந்த இருமல் மருந்துப் பெட்டிக்காக நுனிக்காலில் எம்பினாள். வலது குதிகாலுக்கு நாலு விரல் மேலே விழுந்தது உதை. எந்த இடத்தில் கட்டைவிரல் பட்டது என்றுகூட அவளால் தொட்டுக் காட்ட முடியும். விழுந்துகொண்டே திரும்பினாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வரிசை வெறிச்சென்று கிடந்தது. உடைந்த பாட்டில்களிலிருந்து மருந்து வழிந்து, காய்ச்சிய சர்க்கரையும் மக்கிப்போன அட்டையும் கலந்தாற்போல ஒரு நெடி தரையோடு பரவியது.

அவள் வீட்டில் அவளும் தங்கையும் மட்டும். தங்கை ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருந்தாள். அக்காவின் முழங்கால் வரைக்கும் ஏறிய பிளாஸ்டிக் பூட்ஸை முதலில் பார்த்தபோது, குதிகாலுக்கடியில் நான்கு ஆப்புகள் அடுக்கியிருப்பதையும் வாரத்துக்கு ஒன்றாக உருவுவார்கள் என்பதையும் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரிஞ்சு ஆப்பு வெப்பாங்க. திருப்பி எடுக்கறதை இப்பதான் பாக்கறேன்," என்றாள். அக்கா பல நாட்களுக்குப் பிறகு சிரித்தாள்.

ஆப்புகள் ஒவ்வொன்றாகப் போயின. பூட்ஸும் போயிற்று. பத்தாவது வாரம், காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ அவளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தான். சின்ன வயசுக்காரன், வாய் ஓயாதவன். தினமும் குளியலறையில் பாதங்களை நனைத்துக்கொண்டு அங்கிருந்து சமையலறை வரை வெறுங்காலோடு நடக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் தடங்களைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்ப வேண்டும். "கால் பொய் சொல்லும் மேடம். தரை சொல்லாது," என்றான்.

தரை உண்மையைச் சொன்னது. இடது பாதம் முழுசாக விழுந்திருந்தது. வலதில் குதிகால் மட்டும் அழுத்தமாக, விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லாமல். நுனிக்காலை ஊன்றித் தள்ள அவளுக்குத் தெம்பும் இல்லை, தைரியமும் இல்லை. மாதக் கடைசி வரை அவள் வேலையை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகக் கிடங்கு மேலாளர் சொல்லியிருந்தார். ஒற்றைக்காலில் நுனியில் எம்பி நிற்கிறாள் என்று பிசியோ எழுதிக் கொடுத்தால்தான் மறுபடியும் வரிசைக்குள் விடுவார்கள்.

மூன்றாம் நாள் பிசியோவின் குரல் செய்தி வந்தது. "நல்லா வருது மேடம். ஆனா பின்னால நடந்து வர்றவங்களைக் கொஞ்சம் ஒதுங்கிக்கச் சொல்லுங்க, குழப்புது. உங்களுக்குக் குதிகால் மட்டும் விழுது, அவங்களுக்கு விரல் மட்டும் விழுது. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆள் தேறும்!"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். தன் தடங்களுக்குப் பின்னால், ஆறு தரை ஓடு தள்ளி, ஐந்து ஐந்தாக ஈரப் புள்ளிகள், அவற்றின் கீழே ஒரு பிறை. அவ்வளவுதான். குதிகால் எங்குமே இல்லை. நுனிக்காலில் ஓசைப்படாமல் வருகிறவர்களின் தடம்.

"காலைல என் பின்னால வந்தியா?" என்று அன்று சாயங்காலம் தங்கையைக் கேட்டாள்.

"நான் எட்டரைக்கே கிளம்பிட்டேனேக்கா. நீ பதினோரு மணிக்கு நடக்கறப்ப உன் பின்னால வர்றதுக்கு எனக்கென்ன பைத்தியமா?" படத்தை வாங்கிப் பார்த்தாள். "உன் காலேதான் சொட்டியிருக்கும். வீட்டுலயே அடைஞ்சு கிடக்காதே, மூளை வேற மாதிரி ஆயிடும்."

இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

பகல் பதினோரு மணிக்கு அந்த நடையில் பயப்பட ஒன்றுமே இல்லை. ஜன்னல் வழியாக விழும் வெயிலும், பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தின் உறுமலும், எங்கோ பிரஷர் குக்கர் போடும் விசிலும், ஈரப் பாதம் ஓட்டிலிருந்து பிரியும்போது எழும் அந்தச் சின்ன முத்தச் சத்தமும்தான் இருந்தன. அவளுடைய பாதங்களிலிருந்து இரண்டு முத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு, அதைவிட மெல்லிசாக, இன்னும் இரண்டு.

திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் திரும்பவில்லை. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகுப் பக்கமிருந்து காய்ச்சிய சர்க்கரை நெடி வந்தது. அப்புறம் மக்கிய அட்டை.

பதினோராவது வாரம் அவளுடைய வலது விரல்கள் தரையில் விழ ஆரம்பித்தன. முதலில் சுண்டுவிரல், பிறகு மங்கலாக மற்றவை. பிசியோ சந்தோஷத்தில் குதித்தான். அவள் இடையிலிருந்த ஓடுகளை எண்ணினாள். ஐந்து. அடுத்த வாரம் பெருவிரலும் விழுந்தது. எண்ணினாள். மூன்று.

நடுவில் ஒருநாள் கால் வீங்கி, இழுத்து இழுத்துத்தான் நடக்க முடிந்தது. அன்றைய படத்தில் அந்தத் தடங்கள் பழையபடி ஆறு ஓட்டுக்குப் பின்வாங்கியிருந்தன.

அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. சோபாவில் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பின்னால் வருவது அவசரமில்லாத ஒன்று. அறுந்த நரம்பை அது மறுபடி உதைத்து என்ன செய்யும்? சேர வேண்டும். இறுக வேண்டும். அவள் மறுபடி எம்ப வேண்டும். அதுவரைக்கும் கூடவே நடக்கும்.

மறுநாள் வேண்டுமென்றே நொண்டினாள். ஆறு ஓடு. அதற்கடுத்த நாள் ஒழுங்காக நடந்து பார்த்தாள். இரண்டு.

"என்ன மேடம், ஒருநாள் மயில் மாதிரி நடக்கறீங்க, ஒருநாள் உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி உருளறீங்க?" என்று சலித்துக்கொண்டான் பிசியோ. "கால் தயாராயிடுச்சு. மனசுதான் நொண்டுது. பயம்தான் உங்க வியாதி."

வியாதிக்கு ஒரு பேர் கிடைத்தால் நன்றாகத்தான் இருக்கும்.

பாதங்களை நனைப்பதை நிறுத்திவிட்டாள். தரை காய்ந்திருந்தால் தடம் தெரியாது. ஆனால் தெரியாமலிருப்பது இன்னும் மோசமாக இருந்தது. எத்தனை ஓடு? மேடையருகே நிற்கும்போது பின்னங்காலில் காற்றுப் பட்டது. ஜன்னல் மூடியிருந்தது. தைத்த தழும்பு மட்டும் சில்லிட்டது. வேறெங்கும் இல்லை. அந்த ஒரு விரல் நீளம் மட்டும்.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை சோதனை வைத்தார்கள். தங்கை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். பிசியோவின் அறையில் ஆறேழு பேர் அவரவர் வலியில் மும்முரமாக இருந்தார்கள். ஒருவர் சைக்கிள் மிதித்தார், ஒரு பெண் ரப்பர் பட்டையை இழுத்தாள். வெளிச்சமான அறை. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இங்கே ஒன்றும் நடக்காது, இத்தனை பேர் நடுவில் ஒன்றும் நடக்காது, என்று ஒவ்வொரு அடிக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நீல நிற நுரை மெத்தையில் ஏறி நின்றாள். பக்கவாட்டில் ஆளுயரக் கண்ணாடி. குதிகால் எவ்வளவு உயர்கிறது என்று நோயாளியே பார்த்துக்கொள்வதற்காக வைத்தது.

"முதல்ல ரெண்டு காலும் சேத்து," என்றான் பிசியோ.

எம்பினாள். பத்து, பதினைந்து, இருபது. கெண்டைச்சதை எரிந்தது. நல்ல எரிச்சல். உயிருள்ள எரிச்சல். தங்கை நாற்காலியிலிருந்து மொபைலைத் தூக்கிப் பிடித்தாள். "அக்கா, அழகா சிரி. உன் மேலாளருக்கே அனுப்பிடலாம்."

"இப்ப வலது மட்டும். ஒண்ணு போதும். முழுசா ஒரே ஒரு தடவை எம்பிட்டீங்கன்னா இங்கயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்." பிசியோ பேனாவின் மூடியைத் திறந்தான்.

இடது காலை மடக்கினாள். வலது கால் தாங்கியது. ஆடக்கூட இல்லை. நரம்பு வில்நாண் மாதிரி விறைத்து நின்றது. முடியும். அவளுக்குத் தெரிந்தது, முடியும்.

ரேடியோ பாடிக்கொண்டேயிருந்தது. சர்க்கரை நெடி.

கண்ணாடியைப் பார்த்தாள்.

அவளுடைய குதிகாலுக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, நீல மெத்தையில் இரண்டு பள்ளங்கள். சின்னவை. ஒவ்வொன்றிலும் ஐந்து குழிகள், கீழே ஒரு பிறை. நுரையை அழுத்திக்கொண்டு. யாரோ நிற்கும் கனம்.

பிசியோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை மொபைலை அவள் சிரிப்புக்காகக் காத்துப் பிடித்திருந்தாள்.

"தூக்குங்க மேடம். ஒண்ணே ஒண்ணு."

வலப்பக்கப் பள்ளம் அசைந்தது. மெல்ல உப்பியது. விரல் குழிகள் ஒவ்வொன்றாக நிரம்பின. மெத்தை சமமானது.

இப்போது ஒரே பள்ளம். முன்னைவிட ஆழமாக.

"தூக்குக்கா! உன்னால முடியும்."

அவள் குதிகாலை மெத்தைக்குள் புதைய ஊன்றினாள். கண்ணாடியில் அந்த ஒற்றைப் பள்ளம் நடுங்காமல் நின்றது, கனத்தோடு, பொறுமையோடு.

"இல்ல சார்," என்றாள் தணிந்த குரலில். "நான் தூக்க மாட்டேன்."