எட்டு லிட்டர் தீ

காலை ஆறு மணிக்கு வாசல் தூணிலிருந்த புகைமானி ஒருமுறை ஒலித்துப் பச்சை காட்டியது. சிங்காநல்லூரின் அந்த வீதியில் எல்லா வீட்டுத் தூண்களிலும் அதே நேரத்தில் அதே ஒலி கேட்டது. கடந்த ஒரு நாளில் இந்த வீட்டில் எதுவும் எரியவில்லை என்பது அதன் பொருள். நேத்ரா தலையைத் திருப்பவில்லை. கார் ஷெட்டில் வண்டியின் முன்பாகம் முழுவதையும் மேலே தூக்கித் திறந்துவைத்து, இன்ஜின்மேல் குனிந்திருந்தாள். வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே காகிதக் கனமுள்ள எஃகுத் தகடு ஒன்றை நுழைத்து இழுத்தாள். லேசான பிடிப்போடு வந்தது. சுவரிலிருந்த அட்டையில் ஒரு டிக் போட்டாள். எட்டு வால்வும் முடிந்தன.

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. பம்ப் செய்யும் ஆலையொன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் அளவு சோதிக்கும் வேலை பார்த்தவள். வண்டி ஒரு ஸ்டாண்டர்டு கம்பேனியன். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் செய்தது. பின்புறம் நீண்டு, ஓர் ஆள் படுக்குமளவு இடம் கொண்டது. மூடிப்போன ஒரு மருத்துவமனையின் கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்ததைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்துவந்தாள். அப்போது இன்ஜினுக்குள் மண் இருந்தது, ஒரு ஓணானின் எலும்புகள் இருந்தன. நான்கு சிலிண்டர்களையும் போரிங் செய்து, பிஸ்டன்களைப் புதிதாக வார்க்கவைத்து, கிராங்க் ஷாஃப்ட்டைத் தானே தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். கதவுகளின் அடித்தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்ததும் அவள்தான்.

சட்டம் அதுவரைக்கும் அனுமதித்தது. பழைய இன்ஜினை வைத்துக்கொள்ளலாம், கழற்றலாம், பூட்டலாம், மின்மோட்டாரால் சுற்றிப் பார்க்கலாம். அதற்குள் எரிபொருள் எரியக்கூடாது. வேலை முடிந்ததும் எரிதுறை அதிகாரி வந்து ஸ்பார்க் பிளக் துளைகளில் ஈய முத்திரை வைத்துவிட்டுப் போவார். அதன்பின் அது காட்சிப்பொருள்.

பிரணவ் இரண்டு தம்ளரில் காபி கொண்டுவந்தான். அவள் கணவன், நகரத்தின் தானோடிப் பேருந்துகளுக்குத் தடங்கள் வகுக்கும் அலுவலகத்தில் இருந்தவன். சமையலறையிலிருந்து ஷெட்டுக்கு இருபது அடி வருவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. அவன் இதயம் இன்னும் ஓராண்டு தாங்கினால் அதிகம் என்று மருத்துவர் தை மாதமே சொல்லியிருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க. நாளைக்கு வந்து சீல் வெச்சுட்டாத் தீர்ந்துது."

"சரியா இருக்குதான்னு எப்படித் தெரியும்?"

"எல்லா அளவும் சரியா இருக்குதுங்க. மோட்டார் வெச்சுச் சுத்திப் பார்த்தனே, ஆயில் பிரஷர் அப்படியே நிக்குது."

"ஓடாத இன்ஜினைச் சரின்னு எப்படிச் சொல்லுவே நீ?"

அவள் காபியைக் குடித்தாள். அந்தக் கேள்வியை அவள் தன்னிடமே பலமுறை கேட்டிருந்தாள். அவனுக்கும் அது தெரியும்.

மறுநாள் பத்து மணிக்கு எரிதுறை வண்டி வந்தது. அதிகாரியின் பெயர் மாராத்தாள். பழைய பெயர்கள் திரும்பி வந்த தலைமுறை, நாற்பது வயதிருக்கும். கையில் முத்திரைப் பெட்டி இல்லை. தன் வண்டியின் பின்னால் இருந்து ஒரு சிவப்புக் கேனை எடுத்து ஷெட் வாசலில் வைத்தாள்.

"சீல் வெக்கலீங்களா?" என்றாள் நேத்ரா.

"அய்யா பங்குக்கு எழுதிக் குடுத்திருக்காருங்களே. உங்களுக்குச் சொல்லலீங்களா?"

நேத்ரா கேனைப் பார்த்தாள். பிறகு பிரணவைப் பார்த்தாள்.

புகை ஆண்டுகளுக்குப் பிறகு வந்த சட்டம் அது. பிறக்கிற ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் ஒரே ஒரு தீ. ஓர் உடல் எரிய எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. அதற்குத் தீப்பங்கு என்று பெயர். அதை எப்படி வேண்டுமானாலும் செலவிடலாம். சிலர் கல்யாணத்தில் ஓமம் வளர்த்தார்கள். சிலர் மலையில் நண்பர்களோடு ஒரு சாயங்காலம் விறகு மூட்டி உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் கடைசிக்கென்று வைத்திருந்தார்கள். பங்கைச் செலவழித்தவர்கள் இறந்தால் உடல் மண்சேர்ப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே தென்னைநார்க் கழிவோடு ஒரு தொட்டியில் இட்டால் நாற்பது நாளில் மண். பங்கை விற்க முடியாது, பிள்ளைகளுக்கு விட்டுப்போக முடியாது. கணவன் மனைவிக்குள் மட்டும், உயிரோடிருப்பவர் தன் தீயை இறந்தவரின் உடலுக்குத் தரலாம். இன்ஜினுக்கென்று கேட்டால் ஒரு தீ எட்டு லிட்டர் பெட்ரோல். கொடுத்த நாளின் சூரியன் மறைந்தால் அனுமதியும் முடிந்தது.

"கேனை எடுத்துட்டுப் போங்க. நாங்க கேக்கலீங்க" என்றாள் நேத்ரா.

"பதிவாகிப்போச்சுங்கக்கா. நீங்க ஊத்துனாலும் ஊத்தாட்டியும் அய்யாவோட பங்கு முடிஞ்சுது." மாராத்தாள் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்குதுங்க" என்று சொல்லிப் போய்விட்டாள்.

நேத்ரா கைதுடைக்கும் துணியை மேசைமேல் எறிந்தாள்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்னுதான சொல்லுவே."

"நொய்யல் மயானத்துல ரெண்டு பேருக்கும் பக்கத்துல பக்கத்துல பேர் குடுத்து வெச்சிருக்கோம். இப்ப நான் அங்க, நீங்க தொட்டியிலயா?"

"செத்ததுக்கப்பறம் எங்க இருந்தா என்ன நேத்ரா? அந்தத் தீயை நான் பார்க்கப்போறதில்ல. இதைப் பார்ப்பேன்." பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் வேலை செய்யும்போது விளக்குப் பிடித்தவன் அவன். "வண்டியை எடு. பொழுது போகுதல்ல."

அவள் ஊற்றினாள். அவன் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் இழுத்தது. இரண்டுமுறை இருமி, மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரக்கூரை அதிர்ந்தது. பிரணவ் இரண்டு கைகளையும் டேஷ்போர்டின் மேல் வைத்து அந்த நடுக்கத்தை உள்ளங்கையில் வாங்கினான். வீதியில் ஜன்னல்கள் திறந்தன. தானோடிகள் தாமாக ஒதுங்கி வழிவிட்டன. அந்த வாசனையை அறியாத பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடவே ஓடிவந்தார்கள். பிரணவ் வாயைத் திறந்தபடி சிரித்துக்கொண்டே இருந்தான்.

ஆறாவது நிமிடத்தில், முக்கூட்டுச் சாலைக்கு முன்னால், இன்ஜினின் அடியிலிருந்து ஒரு தட்டல் கேட்டது. சுத்தியலால் மரத்தில் அடிப்பதுபோல, வேகத்தோடு கூடிக்கொண்டே போனது. நேத்ரா உடனே சாவியைத் திருப்பி நிறுத்தினாள். இன்னும் சற்று ஓடியிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் ராடு உடைந்து இன்ஜினின் பிளாக்கைத் துளைத்திருக்கும். தானோடி இழுவை வண்டி வந்து அவர்களை வீட்டில் விட்டபோது மணி பன்னிரண்டு. அவள் சோறு உண்ணாமல் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினாள். சூரியன் மறையும்போது மூன்றாவது ராடின் பேரிங் அவள் கையில் இருந்தது, வெள்ளி நிறம் போய்ச் செம்பு தெரிய. மாராத்தாள் வந்து மீதிப் பெட்ரோலை உறிஞ்சி எடுத்துக்கொண்டு, முத்திரை வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பேரிங்குக்குக் கிராங்க் ஷாஃப்ட்டினுள் எண்ணெய் போகும் துளையை அடைத்திருந்தது ஒரு நூல் உருண்டை. திருப்பூர் பனியன் துணியின் நூல். துடைப்பதற்கு அவள் எப்போதும் பயன்படுத்துவது. துளைகளைத் துணி சுற்றிய கம்பியால் சுத்தம் செய்தபோது நூல் உள்ளே நின்றிருக்கிறது. அதன்பின் காற்றடித்துப் பார்க்க அவள் மறந்திருக்கிறாள். ஆலையில் இதற்காக எத்தனையோ பேரை அவள் கண்டித்திருக்கிறாள்.

அதை ஒரு வெள்ளைத் தாளில் வைத்துக் கட்டிலில் படுத்திருந்த பிரணவிடம் கொண்டுபோனாள்.

"என்ற தப்புதாங்க. இன்ஜினு மேல ஒரு குத்தமும் இல்ல."

அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் பார்த்தான். "இத்துனூண்டா?"

"உங்க தீயை வீணடிச்சுட்டேன்."

"ஆறு நிமிசம் ஓடுச்சல்ல" என்று அவன் தாளை மடித்துத் திருப்பிக்கொடுத்தான். "பேரிங்கு வேற கிடைக்குமா?"

அவன் கேலி செய்யவில்லை, குறை சொல்லவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அடுத்த வாரமே முத்திரை அப்படியே இருக்க, பழுதுபார்க்க மட்டும் அனுமதி வாங்கி வேலையைத் தொடங்கினாள். இந்தமுறை ஒவ்வொரு துளையையும் காற்றடித்து, மறுமுனையில் விரலை வைத்துப் பார்த்தாள். பேரிங்குகளை மாற்றி, இன்ஜினை மீண்டும் பூட்டி, மோட்டாரால் பத்து மணி நேரம் சுற்றவிட்டாள். ஓடப்போவதில்லை என்று தெரிந்தும் செய்தாள். ஐப்பசியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கைகழுவ எழுந்த பிரணவ் தண்ணீர்த் தொட்டியருகில் உட்கார்ந்தான். மறுபடி எழவில்லை.

மறுநாள் காலை பிரணவின் தம்பி ரித்விக் ஈரோட்டிலிருந்து குடும்பத்தோடு வந்தான். உடலைக் குளிப்பாட்டிக் கிடத்தியபின் நேத்ராவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, உங்க பங்கு அப்படியேதான இருக்குது?"

"இருக்குது."

"நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா அண்ணனை நல்லபடியா எரிச்சரலாம். தொட்டியில போட்டு மக்க விடறதை எப்படிங்க பார்க்கறது? நாளைக்கு உங்களுக்கும் மண்ணுன்னு நெனைக்காதீங்க, நாங்க இருக்கோம்…" அவன் நிறுத்தினான். அவர்கள் இருந்தும் அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பது அவனுக்கே புரிந்திருக்க வேண்டும்.

"எரியணும்னு இருந்திருந்தா உங்கண்ணன் அவரு பங்கை வெச்சிருப்பாரு ரித்விக்."

"அதுக்காக?"

"அவரு மொத்தமாக் குடுத்தாரு. நான் ஆறு நிமிசந்தான் காட்டுனேன்."

அவள் எழுந்து எரிதுறையை அழைத்தாள். படிவத்தில் 'பயன்' என்ற இடத்தில் ரித்விக் எதிர்பார்த்த சொல்லை அவள் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் மாராத்தாள் சிவப்புக் கேனோடு வந்தாள். கிடத்தியிருந்த உடலைப் பார்த்து, செருப்பை வாசலில் விட்டு, தானே பிளக்குகளின் ஈயத்தை வெட்டினாள்.

"நல்லா யோசிச்சீங்களாக்கா? இதுக்கப்பறம் உங்களுக்கும் இல்லீங்க."

"ஊத்துங்க" என்றாள் நேத்ரா.

பின்சீட்டை மடக்கிப் பாய் விரித்துப் பிரணவைப் படுக்கவைத்தார்கள். ரித்விக் கோபத்தில் தானோடியில்தான் வருவேன் என்றான். ஆனால் இன்ஜின் பிடித்த சத்தத்தைக் கேட்டதும் இறங்கிவந்து, அண்ணனின் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தான். நேத்ரா சிங்காநல்லூரிலிருந்து சுங்கம் வழியாக, உக்கடத்தின் குளக்கரை வழியாக, மண்சேர்ப்பு நிலையம் இருக்கும் மதுக்கரைச் சாலைக்குப் போனாள். ஐந்து நிமிடம் ஆனது. ஆறு, ஏழு. காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினாள். எந்தத் தட்டலும் இல்லை. நான்கு சிலிண்டர்களும் ஒரே சீராக ஓடின. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் இறங்கவில்லை. சாலையோரம் வயதானவர்கள் சத்தம் கேட்டு எழுந்து நின்றார்கள். ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டார். உடலுக்கா வண்டிக்கா என்று தெரியவில்லை.

மண்சேர்ப்பு நிலையத்தில் எல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்தது. தொட்டி மூடப்பட்டது. எண் கொடுத்தார்கள். ரித்விக்கின் மனைவி, "எங்களோட ஈரோடு வந்துருங்க அண்ணி" என்றாள். அப்புறம் வருகிறேன் என்று நேத்ரா சொன்னாள். ரித்விக் கிளம்பும் முன் வண்டியின் முன்பாகத்தில் கையை வைத்து, சூடு பொறுக்காமல் எடுத்துக்கொண்டான். "ஓடுது அண்ணி" என்றான். "ஓடுது" என்றாள்.

டாங்கில் ஆறரை லிட்டருக்குமேல் இருந்தது. பொழுது சாய நான்கு மணி நேரம் இருந்தது. வீட்டுக்குப் போகும் பக்கம் திரும்பாமல் அவள் பொள்ளாச்சிச் சாலையில் விட்டாள். கிணத்துக்கடவு தாண்டியதும் கியரை மாற்றி வேகம் கூட்டினாள். தென்னந்தோப்புகள் இரண்டு பக்கமும் வந்து போயின. பொள்ளாச்சியில் நிறுத்தவில்லை. உடுமலைக்குமுன், காற்றாலைகள் நிற்கும் வெட்டவெளியில், இன்ஜின் ஒருமுறை தடுமாறியது, இருமியது, நின்றது. உருண்டுவந்த வண்டியை அவள் ஓரமாக ஒதுக்கினாள். காற்றின் ஓசை தவிர ஒன்றும் இல்லை. வெயில் இன்னும் இருந்தது.

சற்று நேரத்தில் ஒரு தானோடி தானாக வேகம் குறைத்துப் பக்கத்தில் நின்றது. உள்ளிருந்து முப்பது வயதுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னாச்சுங்க? உதவி வேணுங்களா?"

"பெட்ரோல் தீர்ந்துருச்சுங்க."

அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. வண்டியையும் நேத்ராவின் எண்ணெய்க் கைகளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"வீட்டுக்குச் சொல்லட்டுங்களா? யாருக்குச் சொல்லணும், சொல்லுங்க."

நேத்ரா பிரணவின் பெயரைச் சொல்வதற்கு வாயெடுத்தாள். பிறகு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வீட்டுல யாரும் இல்லீங்க" என்றாள்.