பதினோராயிரம் நுரையீரல்கள்

காலை ஆறு மணிக்கு யசோதராவின் நுரையீரல் பங்கு விலையைச் சொன்னது.

"வணக்கம். மூச்சகம், நூற்றுப் பன்னிரண்டு. நேற்றைவிட நான்கு குறைவு. உங்கள் சுவாசம் சீராக இருக்கிறது."

செவ்வாய்க் குடியேற்றத்தில் இது சகஜம். அங்குள்ள சிவப்புத் தூசி ஐந்தே வருடத்தில் மனித நுரையீரலைத் தின்று தீர்த்துவிடும். மிச்சத்தை எடுத்துவிட்டு 'மூச்சகம்' கம்பெனி செயற்கை நுரையீரல் பொருத்தும். கூடவே, நல்லெண்ணமாக, குடும்பத்துக்கு நூறு பங்குகள், ஒரு ஓட்டு. மொத்தம் பதினோராயிரம் குடும்பங்கள். ஆக, அதை வைத்து மூச்சு விடுகிறவர்கள்தான் அந்தக் கம்பெனியின் முதலாளிகள்.

அந்தக் கம்பெனியைத்தான் பூமியிலிருந்து 'ஏகம்' என்ற நிறுவனம் விலைக்குக் கேட்டிருந்தது. ஓட்டெடுப்பில் 'சம்மதம்' அழுத்துகிறவர்களின் பங்குக்கு மும்மடங்கு விலை. பேரம் முறிந்தாலும் அவர்களுக்கு அந்த விலை நிச்சயம். 'மறுப்பு' அழுத்தினால் ஒன்றும் இல்லை.

ஏகத்துக்கு வேண்டியது காப்புரிமை மட்டும். தொழிற்சாலையை மூடிவிடுவார்கள். நுரையீரலுக்குள் தூசியை வடிகட்டும், வாரம் ஒருமுறை மாற்ற வேண்டிய வடிசவ்வு அங்கேதான் தயாராகிறது. கையிருப்பு நாற்பது நாளைக்கு.

யசோதராவின் கணவன் தயாபரன், குழாய் மெக்கானிக், மூன்று வாரமாக வேலைக்குப் போகவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினான்.

"மரியதாஸ் அண்ணே, கையெடுத்துக் கும்பிடறேன். மறுப்பு அழுத்துங்க."

"எங்கிட்டயா சொல்றே? எனக்கும் என் பொண்டாட்டிக்கும் உள்ளே ஓடறதே அதானேப்பா. கதவைப் பாரு!"

மரியதாஸின் கதவில் 'விற்கமாட்டோம்' என்று கருத்துப்பலகை ஒளிர்ந்தது. முதலீட்டாளர்கள் தங்கள் கருத்தைக் கதவில் போடுவது அங்கே வழக்கம். எல்லாக் கதவுகளையும் படித்து மணிக்கொரு தரம் கணிப்பு வரும். தயாபரன் ஏறி இறங்கத் தொடங்கியபோது மறுப்பு அறுபது சதவீதம். இப்போது தொண்ணூற்றேழு.

"ஜெயிச்சாச்சு தம்பி," என்றார் மரியதாஸ். "அந்த மூணு பர்சென்ட் மூதேவிங்க யாருன்னு பார்த்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தணும்!"

பெரிதாகச் சிரித்தார். "மெதுவாக," என்றது அவருடைய நுரையீரல்.

மறுநாள் வாக்குப்பதிவு. குடும்பத்துக்கு ஒருவர், மறைவறைக்குள் ஒரு நிமிஷம், இரண்டே பொத்தான்கள். தயாபரன் வெளியே வந்தபோது முகமெல்லாம் வியர்த்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். யாரோ அவனைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். வேண்டாம் என்று விலகிக்கொண்டான்.

மதியம் சதுக்கத்தில் ஓட்டு எண்ணும் இயந்திரம் முடிவைப் படித்தது.

"சம்மதம், பதினோராயிரம்."

யாரோ, "தப்பாப் படிக்குது!" என்று கத்தினார்.

"மறுப்பு, பூஜ்யம்."

கூட்டம் கலையவில்லை, கொந்தளிக்கவும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மரியதாஸ் தன் ஷூ நுனியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

யசோதரா மெல்லத் திரும்பினாள். "ஏங்க, எல்லாரும் கழுத்தறுத்துட்டாங்க, சரி. நம்ம ஓட்டு ஒண்ணாவது இருக்கணுமே? பூஜ்யம்னு சொல்றாங்க?"

தயாபரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தொண்ணூத்தேழு பர்சென்ட் யசோ... எப்படியும் மறுப்புதான் ஜெயிக்கும்னு... என் ஒரு ஓட்டுதானே குறையும்... பூமிக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துடலாம், உன்னை ஒரு தடவையாவது நிஜக் காத்துல உட்கார வெக்கலாம்னு..."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பான்.

"பூமிக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகும்?"

"இருநூத்திப் பத்து."

அவள் தலையாட்டினாள். அவன் கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டு, வடிசவ்வுக் கடை இருக்கும் பக்கம் பார்த்தாள். அங்கே அதற்குள் வரிசை நிற்க ஆரம்பித்திருந்தது.

வரிசையின் நடுவில் ஒருவர் முன்னால் நின்றவரின் தோளைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்:

"நல்ல விலைதான் கிடைச்சுது சார். அடுத்து எதுல போடலாம்? உங்க கருத்து என்ன?"