வியன்னாவைச் சாப்பிட்டவன்

அன்று தங்கமாரியின் உடம்பில் இருந்தவர்கள்: வியன்னாவில் நடந்துகொண்டிருந்த தங்கமாரி, சிவகாசியில் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருந்த அவள் கணவர் சங்கரவேல், திருநெல்வேலி உணர்கடத்தி நிலையத்தில் இருவரையும் கண்காணித்த நெல்சன். நெல்சன் கணக்கில் வரமாட்டான்.

உணர்கடத்தி உணர்வை நகலெடுக்காது, இடம் மாற்றும். ஒருவர் கண்ட நிறமும் தின்ற ருசியும் இன்னொருவர் மூளைக்குப் போய்விடும். கண்டவருக்கு மிஞ்சுவது வெறும் தகவல்: இது சிவப்பு, இது சூப். பாதியாகப் பிரித்தால் இருவருக்கும் மங்கலாக வரும். சங்கரவேலின் மூளை ஒரே ஒரு நாள்தான் தாங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

காலண்டர் அச்சகத்தில் ஆயுள் முழுக்க அச்சுப் படங்களையே பார்த்த மனிதர் அசலைப் பார்க்கட்டும் என்று, தங்கமாரி உணர்வு தன் பக்கம் வரும் வாசலை முழுதாகப் பூட்டிவிட்டுத்தான் கிளம்பினாள். இணைப்பில் இருக்கும்போது தம்பதி பேசிக்கொள்ள முடியாது. எதையும் நெல்சன் வழியாகத்தான் சொல்ல வேண்டும்.

ஓவியக் காட்சியகத்தின் முதல் கூடத்திலேயே சங்கரவேல் நெல்சனைக் கூப்பிட்டார். “தம்பி, எல்லாத்தையும் அவளுக்கே திருப்பி விட்டுரு. பதினாறு வயசுல அடுப்படிக்கு வந்தவ. கேட்டா, ரெண்டு பேருக்கும் வருதுன்னு சொல்லிரு.”

சொல்லிவிட்டுக் கண்ணசைவால் தன் வாசலையும் பூட்டிக்கொண்டார். இரண்டு வாசலும் பூட்டியிருந்தால் உணர்வு போவதற்கு ஒரே இடம்தான் உண்டு. அது கண்காணிப்பவனின் தலை.

அவள் வாசலும் பூட்டியிருப்பதைச் சொல்ல நெல்சன் வாயைத் திறந்தான். அதற்குள் பாதி தோல் உரித்த எலுமிச்சம்பழம் ஒன்று அவனுக்குள் இறங்கியது. யாரோ நானூறு வருஷத்துக்கு முன் வரைந்தது. அவன் நாக்கு கூசியது. கல்லூரியைப் பாதியில் விட்ட நாளிலிருந்து அவன் பார்த்ததெல்லாம் இந்த அறையின் சாம்பல் நிறச் சுவர்தான். இந்த ஒரு படம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தான்.

ஒரு படம் ஒரு மாடியானது. பனியில் நடக்கும் குதிரைகள், நீலப் பாவாடைக்காரி, மரத்தரையில் தங்கமாரியின் பாதம் உணர்ந்த குளிர்ச்சி, எல்லாம் அவனுக்கே. பிறகு ஆற்றோர உணவகத்தில் வெண்ணெய் மிதந்த சூப், எலுமிச்சை பிழிந்த மீன். யாருக்கு என்று தெரியாமலே அவன் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.

“தம்பி, அவருக்குப் பிடிச்சிருக்கா?” என்று தங்கமாரி கேட்டாள். அவளுக்கு அந்த மீன் வெறும் சூடான பொருள். ஆனாலும் அவர் பல்லில் படாமல் இருக்கட்டும் என்று ஒவ்வொரு முள்ளாக எடுத்துவிட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

அந்த முள்தான் நெல்சனைக் குத்தியது. சங்கரவேலிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, தான் திருடிவிட்டதாக ஒப்புக்கொண்டான்.

அவர் கேட்டார். “நீயாவது வயிறார சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன் அண்ணாச்சி.”

“அப்போ சரி. வீணாப் போகல.”

இனிப்பு ஒன்று பாக்கி இருக்கிறது, அதையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினான். அவளுக்குக் கொடு என்றார் அவர். அவளிடமும் உண்மையைச் சொன்னான். முள்ளெடுத்த கையை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவருக்கே கொடு என்றாள். வாசலைத் திறக்கச் சொன்னால் இருவருமே மறுத்தார்கள். பாசமா பிடிவாதமா என்று நெல்சனுக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒரே எரிச்சலைத்தான் தந்தன.

கண்காணிப்பவனின் இருக்கை காலியானால் இயந்திரம் யாரையும் கேட்காது. பூட்டிய வாசல்களை உடைத்து உணர்வைச் சரிபாதியாகப் பிரித்து ஊற்றிவிடும். ஆளில்லாத நேரத்தில் ஒரே தலையில் பாரம் ஏறக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. பணிநேரத்தில் இருக்கையை விட்டவனுக்கு நிலையத்தின் கதவு மறுபடி திறக்காது என்பதும் ஏற்பாடுதான்.

பரிமாறுபவர் பிளம்பழக் கொழுக்கட்டையைக் கொண்டுவந்து வைத்தார். தங்கமாரி கரண்டியை எடுத்தாள்.

“ரெண்டு பேரும் நல்லா இருங்க,” என்று நெல்சன் எழுந்தான்.

திரையில் சங்கரவேலின் உதடு சப்புக்கொட்டியது. அதே நொடியில் வியன்னாவில் கரண்டி வாயிலேயே நின்றது. மங்கலாகத்தான் இருந்திருக்கும். நெல்சன் வெளியே வந்தான். கதவு அவன் முதுகுக்குப் பின்னால் மூடி, பூட்டிக்கொண்டது.